முப்பத்தெட்டாம் பிரிவும் பதினான்கு ஜெர்ஸிகளும்

சட்ட வரைவுத் துறையில் அவருக்குக் கமா மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் நடைபாதையில் வரும்போது தட்டச்சுப் பிரிவில் எழும் “கமா வருது, கமா வருது” என்ற முணுமுணுப்பு அவர் காதில் விழாமலும் இருந்ததில்லை. ஒரே ஒரு காற்புள்ளிக்காக ஒரு மசோதாவை இரண்டு நாள் நிறுத்திவைத்தவர் என்று அந்தக் கட்டடத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லி வைப்பார்கள். உண்மையில் அது ஒன்றரை நாள்தான். அந்தத் திருத்தத்தையும் அவரே சொல்லிவிடுவார்.

அவருடைய கணவர் ஒரு பள்ளிக்கூடத்தின் கால்பந்துப் பயிற்சியாளர். தெருவில் எல்லோருக்கும் அவர் கோச். அணியின் ஜெர்ஸிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினால் பாதிதான் திரும்பி வருகிறது என்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பதினான்கு ஜெர்ஸிகளையும் ஒரு பெரிய பையில் அள்ளிப்போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். மிச்சத்தை வாஷிங் மெஷின் பார்த்துக்கொள்ளும். ஐந்து வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த மெஷின் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஜெர்ஸிகளை இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு, சட்டென்று நின்றுபோனது. சின்னத் திரையில் எழுத்து ஓடியது: ‘உரிமத்தைச் சரிபார்க்க இயலவில்லை. இணைப்புக்குக் காத்திருக்கிறது.’

கோச் அணைத்துப் போட்டார். தட்டிப் பார்த்தார். பிறகு, நடுவர் தப்பான முடிவு சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி அதை முறைத்துப் பார்த்தார். மெஷின் காத்திருந்தது. கதவும் திறக்கவில்லை. கண்ணாடிக்குள் ஒன்பதாம் எண் சேற்றுத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

கமா மேடம் கம்பெனிக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

“அந்த மாடலுக்கு ஆதரவு முடிஞ்சுபோச்சு மேடம். பழைய கம்பெனியை நாங்க வாங்கி நாலு மாசமாச்சு.”

“மோட்டார்ல ஏதாவது கோளாறா?”

“இல்லங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு. அனுமதிதான் இல்ல. மாசத்துக்கு ஒரு தடவை அது எங்க கம்ப்யூட்டர்கிட்ட அனுமதி கேக்கும்.”

“சரி, குடுங்களேன்.”

“குடுக்கற கம்ப்யூட்டரை நிறுத்திட்டோம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?”

இவ்வளவு சுத்தமான பதிலைக் கமா மேடம் தன் அலுவலகத்தில்கூடக் கேட்டதில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

கோச் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய், இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். நாற்பது வயதுப் பெண். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்பேனர் எட்டிப் பார்க்கும். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஸ்பேனரக்கா. வந்தார், திரையைப் படித்தார், “ஓ, இதுவா” என்றார். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மெஷினின் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, தண்ணீரை ஒரு தட்டில் வடித்தார். உள்ளே விரலை விட்டு ஒரு ஆரஞ்சு நிறக் கயிற்றை இழுத்தார். கதவு ‘டக்’ என்று திறந்தது.

கோச் கைதட்டினார்.

“இது வெறும் பிளாஸ்டிக் கொக்கி சார். எந்தச் சட்டத்துலயும் வராது. துணியை எடுத்துக்கோங்க.”

“அப்படியே மெஷினையும் ஓட வெச்சிடுங்களேன்” என்றார் கோச்.

“ஏழு நிமிஷ வேலை. ஆனா பண்ண மாட்டேன்.”

“ஏன்?”

ஸ்பேனரக்கா எழுந்து நின்றார். கையைத் துடைத்துக்கொண்டார். பள்ளி மேடையில் பாட்டு ஒப்பிக்கும் பிள்ளைபோல முகத்தை நேராக வைத்துக்கொண்டு தொடங்கினார்:

“எந்தவொரு நபரும், உரிமையாளரின் எழுத்துமூலமான முன்னனுமதியின்றி, பொருளொன்றில் பொதியப்பட்டுள்ள மென்பொருளின் பாதுகாப்பிற்கென அமைக்கப்பட்ட தொழில்நுட்பப் பூட்டு எதனையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுமையாகவோ பகுதியாகவோ, அகற்றுதலோ, தவிர்த்தலோ, செயலிழக்கச் செய்தலோ, அல்லது அவ்வாறு செய்யும் பிறருக்கு உதவுதலோ, கூடாது. பிரிவு முப்பத்தெட்டு, உட்பிரிவு இரண்டு.”

சமையலறை வாசலில் நின்றிருந்த கமா மேடத்துக்கு முதலில் வந்தது பெருமிதம்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதியவர் அவர். பதினேழு வருடத்துக்கு முன்னால் எழுதியது. அதற்கப்புறம் எத்தனையோ நீதிபதிகள் அதைப் படித்திருக்கிறார்கள்; ஒருவரும் இப்படிக் கமா தவறாமல் நிறுத்திப் படித்ததில்லை. பெருமிதம் தொண்டைக்கு வந்து சேர்வதற்குள், சொட்டச் சொட்ட ஈர ஜெர்ஸிகளைச் சுமந்து நிற்கும் கணவர் கண்ணில் பட்டார். பெருமிதம் வந்த வழியே திரும்பிப் போனது.

கோச் விடுவதாக இல்லை. “ஒரு நிமிஷம். உரிமையாளர் அனுமதியில்லாமதானே கூடாது? இந்த மெஷினுக்கு உரிமையாளர் நான். நான் அனுமதி குடுக்கறேன். எழுத்துலயே குடுக்கறேன்.”

“நானும் அதையேதான் கேட்டேன் சார். பிரிவு ரெண்டைப் பாருங்க. ‘உரிமையாளர்’னா மென்பொருளுக்கு உரிமையாளர்னு அர்த்தம் போட்டு வெச்சிருக்காங்க. மெஷினை வாங்கினவருக்கு அங்க வேற பேரு. நீங்க பயனர்.”

“சொந்த வீட்டுல நான் பயனரா?” கோச் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். “சரி, அது பழகினதுதான்.”

ஸ்பேனரக்காவுக்கு அந்தப் பிரிவு மனப்பாடம் ஆனதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் முடி திருத்தும் கடைக்காரர் ஒருவருடைய காபி மெஷினை இதேபோல் திறந்துவிட்டார். கம்பெனி வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. மன்னிப்புக் கடிதம், இனிமேல் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி, இருபது நாள் கடையடைப்பு. “அந்த இருபது நாளும் வேற வேலை இல்ல. இதைத்தான் படிச்சுட்டு இருந்தேன். இதை எழுதின ஆளை ஒருநாள் பாக்கணும். சண்டை போட இல்ல. ஒரே வாக்கியத்துல இத்தனை கதவைச் சாத்தறதுக்கு ஒரு திறமை வேணுமில்ல?”

கோச்சுக்குப் புரையேறியது. கமா மேடம், யாரும் கேட்காத தண்ணீரை எடுத்துவர உள்ளே போனார்.

ஸ்பேனரக்கா கிளம்பின பிறகு கோச் கேட்டார்: “ஏன் சொல்லல?”

“அவங்க கேக்கல.”

“பாக்கணும்னு சொன்னாங்களே.”

“ஒருநாள்னு சொன்னாங்க. இன்னிக்குன்னு சொல்லலையே.”

அன்று சாயங்காலம் பதினான்கு ஜெர்ஸிகளையும் இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து கையால் துவைத்தார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இதையெல்லாம் கமுக்கமாகச் செய்து கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று கோச் ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தார். கமா மேடம் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு சோப்பு நுரையோடு போயிற்று.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவர் செய்த முதல் வேலை, பழைய வரைவுக் கோப்பைத் தேடி எடுத்ததுதான். தூசு தட்டிப் பிரித்தார். முப்பத்தெட்டாம் பிரிவின் தட்டச்சுப் படியில் ‘ஒளித்தட்டொன்றில்’ என்றுதான் இருந்தது. அதைப் பச்சை மையால் அடித்து, மேலே ‘பொருளொன்றில்’ என்று எழுதியிருந்தது. அவர் கையெழுத்தேதான். அந்தக் காலத்தில் சினிமாக்காரர்களும் இசைக் கம்பெனிகளும் திருட்டுத் தட்டுகளைக் காட்டி அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் போட்ட சட்டம் அது. தட்டு இன்னும் பத்து வருடத்தில் காணாமல் போகும், சட்டம் நிற்க வேண்டாமா என்று யோசித்து அவர்தான் சொல்லை மாற்றினார். அப்போதைய தலைமை வரைவாளர் ஓரத்தில் ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார். அந்தக் கதையைப் பயிற்சி வகுப்புகளில் மூன்று முறை சொல்லியிருக்கிறார் கமா மேடம். கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

துணி துவைக்கிற மெஷினும் ஒருநாள் பொருளாகும் என்பது அவருக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அது அன்றைக்கும் பொருள்தான். அதற்குள் மென்பொருள்தான் இல்லை.

நல்லவேளையாக, அந்தச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அமைச்சகம் இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருந்தது. அந்தக் கடிதம் மூன்று அறைகளைச் சுற்றிவிட்டு ஒரு அலமாரியில் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தது. கமா மேடம் அதை எழுப்பித் தலைமை வரைவாளரிடம் கொண்டுபோனார். இப்போதைய தலைமை வரைவாளர் எச்சரிக்கையான மனிதர். வானிலை பற்றிய கருத்தைக்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்.

“இதுல திடீர்னு என்ன ஆர்வம்? உங்களுக்கு இதுல சொந்த நலன் ஏதாவது இருக்கா?”

“இருக்கு சார். ஒரு வாஷிங் மெஷின்.”

“அது எல்லார் வீட்டுலயும் இருக்கே.”

“என்னுது ஓடல சார்.”

தலைமை வரைவாளர் எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். “எழுதிக் குடுங்க. கோப்புல இருக்கட்டும். இன்னொண்ணு, சட்டம் அமலுக்கு வர்ற வரைக்கும் அந்த மெஷின்ல யாரும் கை வைக்கக்கூடாது. நாளைக்குப் பத்திரிகைக்காரன் கேட்டா பதில் வேணும். வேற ஒண்ணு வாங்கிக்கிறதுன்னா வாங்கிக்கோங்க.”

‘எனது இல்லத்தில் உள்ள சலவை இயந்திரம் ஒன்று இயங்காத நிலையில் உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று தொடங்கும் ஒரு பக்கம் வரிசை எண் பெற்றுக் கோப்பில் ஏறியது. புது மெஷின் அவர் வாங்கவில்லை. “நல்லா இருக்கறதைத் தூக்கிப் போட்டா நான் எழுதின வாக்கியம் என்னையே ஜெயிச்ச மாதிரி ஆயிடும்” என்றார் கோச்சிடம். கோச் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சவர்க்காரத்தில் ஊறி அவை ஏற்கெனவே வெளுத்திருந்தன.

ஆனால் ஸ்பேனரக்காவிடம் சொல்லாமல் இந்த வேலையைத் தொடங்க மனசு வரவில்லை. புதன்கிழமை அலுவலகம் முடிந்ததும் கடைக்குப் போனார். ஸ்பேனரக்கா ஒரு மிக்ஸியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பிரிவு முப்பத்தெட்டு…”

“நீங்கதான் எழுதினீங்க.”

கமா மேடம் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சார் முந்தாநாளே வந்து சொல்லிட்டாரு. நீங்களே வந்து சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்.” ஸ்பேனரக்கா சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. மிக்ஸியின் அடிப்பாகத்தை ஓரமாக வைத்தார். “நோட்டீஸ் வந்தப்ப என் வீட்டுக்காரர் மூணு நாள் சரியா சாப்பிடல மேடம். போலீஸ் வரும்னு நெனச்சுட்டு இருந்தாரு. நான் பண்ணது தப்பாங்கறதுகூட எனக்குப் புரியல. ஒரு காபி மெஷின். அவ்வளவுதான்.”

“அது காபி மெஷினுக்கு எழுதினது இல்ல. சினிமாத் தட்டுக்கு எழுதினது.”

“அதை அதுலயே போட்டிருக்கலாமே.”

“போட்டிருந்தாங்க. நான்தான் அடிச்சேன்.”

இப்போது ஸ்பேனரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, கடையின் பின்புறத் திரையை விலக்கிக் காட்டினார். சுவர் முழுக்க அலமாரித் தட்டுகள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிய சாமான்கள். குழந்தையை எடை பார்க்கும் தராசு ஒன்று. காற்றுச் சுத்திகரிப்பான் மூன்று. காது கேட்கும் கருவியின் சார்ஜர் ஒன்று. பார்வையற்ற ஒருவருக்குப் புத்தகம் வாசித்துக்காட்டும் பெட்டி ஒன்று. எதிலும் பழுதில்லை. எல்லாம் யாரோ ஒருவரின் அனுமதிக்காகக் காத்திருந்தன.

“வாங்கிட்டுப் போகச் சொன்னா வாங்க மாட்டேங்கறாங்க. ‘அக்கா, ஏதாவது வழி வந்தா சொல்லுங்க’ன்னு விட்டுட்டுப் போயிடறாங்க.”

கமா மேடம் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். சட்டம் எழுதும்போது மனிதர்கள் ‘எந்தவொரு நபரும்’ என்றுதான் வருவார்கள். இங்கே அவர்களுக்குத் தொலைபேசி எண் இருந்தது.

“இந்தச் சட்டத்தை மறுபடி பாக்கப்போற குழு முன்னால வந்து இதையெல்லாம் சொல்வீங்களா?” என்று கேட்டார்.

“திட்டலாமா?”

“அளவா.”

பழுதுபார்ப்பவர்களுக்கு விலக்கு தரும் புதிய வரைவு பின்கட்டில்தான் வளர்ந்தது. கோச் சோப்புப் போடுவார், கமா மேடம் அலசுவார், அலசிக்கொண்டே அன்றைய வாசகத்தைச் சொல்லிப் பார்ப்பார். எதிரணியின் தடுப்பில் எங்கே ஓட்டை என்று பார்த்தே பிழைப்பு நடத்தியவர் கோச். சட்டத்திலும் அதையே பார்த்தார்.

“‘பழுதுபார்த்தல் என்பது, பொருளை அதன் முந்தைய நிலைக்கு மீட்டல்.’ எப்படி?”

“முந்தைய நிலைன்னா எது? நின்னுபோறதுக்கு முந்தின நாள் நிலையா, வாங்கின அன்னிக்கு இருந்த நிலையா?” கோச் ஏழாம் எண் ஜெர்ஸியின் முழங்கைக் கறையைத் தூக்கிக் காட்டினார். “இதையும் முந்தைய நிலைக்கு மீட்க முடியுமான்னு பாரு.”

கமா மேடம் ‘இயல்பான பயன்பாட்டிற்குரிய நிலை’ என்று மாற்றினார்.

“அந்த ‘பிறருக்கு உதவுதலோ’ இருக்கே. அக்கா வேலை பாக்கறப்ப நான் டார்ச் பிடிச்சா?”

“அதுவும் உதவிதான்.”

“உள்ள போடுவாங்களா?”

“பூட்டை உடைக்கறதுக்கு உதவினா போடலாம்.”

“டார்ச்சுக்கு ஒரு விலக்கு எழுதும்மா.”

டார்ச்சுக்குத் தனியாக எழுதவில்லை. ஆனால் ‘பழுதுபார்ப்பவருக்கு உதவுபவர் உட்பட’ என்று மூன்று சொல் சேர்ந்தது. அச்சிட்ட சட்டத்தில் அந்த மூன்று சொல்லும் இன்றைக்கும் இருக்கின்றன. அவை யாருக்காக வந்தன என்று எந்த உரையாசிரியருக்கும் தெரியாது. இப்படியாக ஐந்து மாதம் போயிற்று. கோச்சின் அணி அரையிறுதியில் தோற்றது. ஜெர்ஸிகள் மட்டும் குறையவில்லை.

குழுக் கூட்டம் ஒரு நீண்ட மேசை போட்ட அறையில் நடந்தது. குழுத் தலைவர் அரசியலுக்கு வருமுன் பல் டாக்டராக இருந்தவர். யார் பேசினாலும் அவர் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். ஒரு பக்கம் உற்பத்தியாளர் சங்கத்தின் வக்கீல். மிருதுவான குரல், மடிப்புக் கலையாத கோட்டு. இன்னொரு பக்கம் ஸ்பேனரக்கா. ஸ்பேனரை வாசலில் காவலாளி வாங்கி வைத்துக்கொண்டதால் சட்டைப் பை வெறுமையாக இருந்தது. கமா மேடம் ஓரத்தில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வரைவாளர்கள் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது என்பது மரபு.

வக்கீல் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மென்பொருள் எழுதுவதும் உழைப்புதான். பூட்டைத் திறக்கலாம் என்று சட்டமே சொன்னால் அதைப் படியெடுத்து விற்க வருகிறவனையும் உள்ளே விட்டதாகிவிடும். அடுப்பு மாதிரி ஆபத்தான சாமானின் பாதுகாப்பையும் எவனாவது எடுத்துவிடுவான். கமா மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு வக்கீல் ஸ்பேனரக்கா பக்கம் திரும்பினார்.

“அந்த மென்பொருள்ல பல லட்சம் வரிகள் இருக்கு. அதை நீங்க புரிஞ்சுக்க முடியுமா?”

“புரிஞ்சுக்கவே வேணாம் சார். அது கேக்கறது ஒரே கேள்வி, ‘நான் ஓடலாமா?’ன்னு. பதில் சொல்ல இருந்தவங்க கடையை மூடிட்டுப் போயிட்டாங்க. நான் ‘ஓடலாம்’னு சொல்றேன். மத்த லட்சம் வரியையும் நான் தொடறதே இல்ல.”

பல் டாக்டர் தலையாட்டினார்.

“அப்படின்னா ஒரு நிபந்தனை வைக்கலாம்” என்றார் வக்கீல். “ஆதரவை நிறுத்திட்டதா நிறுவனம் எழுத்துமூலம் உறுதி செஞ்சிருந்தா மட்டும் திறக்கலாம்.”

“மூடின கம்பெனிகிட்ட எழுத்துமூலம் எப்படி சார் வாங்கறது? ஷட்டர்ல கடிதத்தைச் செருகிட்டு நிக்கவா?”

குழுத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். “உங்க வீட்டு மெஷின் எந்தக் கம்பெனி?” என்று வக்கீலைக் கேட்டார்.

“அதெல்லாம் என் மனைவிக்குத்தான் தெரியும் ஐயா.”

“கேட்டுட்டு வாங்க” என்றார் பல் டாக்டர்.

வக்கீல் கேட்டாரா என்று தெரியாது. ஆனால் அடுத்த கூட்டத்தில் சங்கம் இறங்கி வந்தது. முப்பது நாள் பதில் வராவிட்டால் ஆதரவு நின்றதாகவே கொள்ளலாம், மென்பொருளைப் படியெடுக்கக்கூடாது, பாதுகாப்புக்கென்று இருக்கும் பூட்டைத் தொடக்கூடாது, திறந்த ஒவ்வொரு பூட்டையும் பழுதுபார்ப்பவர் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். ‘உரிமையாளர்’ இரண்டாகப் பிரிந்தார்: மென்பொருள் உரிமையாளர், பொருளின் உரிமையாளர். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, கோச் எழுந்து நின்று தோளைத் தட்டிக்கொண்டார். “அப்பாடா. பதவி உயர்வு.”

சட்டம் நிறைவேறிய நாளில் கோச் பையைத் தூக்கிக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றார். “அக்காவுக்குப் போன் பண்ணவா?”

“இன்னும் அமலுக்கு வரல.”

“இப்பத்தானே நிறைவேறிச்சுன்னு சொன்ன?”

கமா மேடம் ஜன்னல் வழியாக வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். “கடைசிப் பிரிவு ஒண்ணு இருக்கு. ‘அரசு, அறிவிக்கை வாயிலாகக் குறிப்பிடும் தேதியில் இச்சட்டம் அமலுக்கு வரும்.’”

“எந்தத் தேதி?”

“அறிவிக்கிற தேதி.”

“அதை யாரு எழுதினது?”

“எல்லாச் சட்டத்துலயும் வர்றதுதான். கை பழக்கத்துல…”

கோச் ஜெர்ஸிகளை வாளியில் கொட்டினார். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று கமா மேடத்துக்குத் தோன்றியது.

அந்தத் தேதி வருவதற்கு மேலும் பதினொரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸ்பேனரக்கா போன் செய்வார். “மேடம், வந்துடுச்சா?” வரவில்லை என்பார் கமா மேடம். ஆறாவது வாரம் அவரே நடந்து அமைச்சகத்துக்குப் போய், அறிவிக்கை எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டார். முப்பது வருட வேலையில் அவர் ஒரு மேசைக்கும் போய் இப்படி நின்றதில்லை. ஒரு எழுத்தர் விடுப்பில் இருந்தார். இன்னொருவர் அவர் வரட்டும் என்றார். இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் நின்றதில், அங்கேயும் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துவிட்டார்கள் என்பது முகங்களிலிருந்து தெரிந்தது. என்ன பெயர் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அரசிதழ் ஒரு வியாழக்கிழமை வந்தது. கம்பெனிக்குக் கமா மேடம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமல் முப்பது நாள் எப்போதோ தாண்டியிருந்தது. சனிக்கிழமை காலையிலேயே ஸ்பேனரக்கா பெட்டியோடு வந்துவிட்டார். முதலில் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். அட்டையில் ‘பூட்டுத் திறப்புப் பதிவேடு’ என்று எழுதியிருந்தது.

“இதையும் நீங்கதான் எழுதினீங்களா மேடம்?”

“அது சங்கத்து வக்கீல் கேட்டது. நான் வார்த்தை மட்டும் குடுத்தேன்.”

“பரவால்ல. நல்லா இருக்கு. என் வீட்டுக்காரர் கோடு போட்டுக் குடுத்தாரு.”

முதல் பக்கத்து முதல் வரியில் மெஷினின் எண்ணை எழுதினார். ‘பொருளின் உரிமையாளர்’ என்ற கட்டத்தில் கோச் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேலேயே குனிந்து நின்றார்.

பூட்டைத் திறப்பதற்குச் சரியாக ஏழு நிமிடம்தான் ஆயிற்று. மெஷின் அனுமதி கேட்டது. ஸ்பேனரக்கா கம்பியால் மெஷினோடு இணைத்திருந்த சின்னக் கருவி ‘ஓடலாம்’ என்றது. திரையில் நேரம், சூடு, சுற்று எல்லாம் பழையபடி வந்தன. கோச் பொத்தானை அழுத்தினார். மெஷின் ஒரு முக்கல் முக்கியது. அப்படியே நின்றுவிட்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதுக்கு எந்தப் பிரிவு?” என்றார் கோச்.

“இது பிரிவு இல்ல சார், பம்பு. ஒரு வருஷமா சும்மா கிடந்ததுல இறுகிப்போயிருக்கு.”

அதற்குத்தான் இரண்டு மணி நேரம் பிடித்தது. பம்பைக் கழற்றி, சுரண்டி, எண்ணெய் விட்டு, ரப்பர் வளையம் வாங்கக் கோச்சை இருமுறை கடைக்கு அனுப்பி, ஒருவழியாக ஸ்பேனரக்கா எழுந்தார். நெற்றியில் கருப்புத் தீற்றல். அதற்குள் அவருடைய போன் பதினொரு தடவை அடித்துவிட்டது. காதுக் கருவி சார்ஜர்க்காரர் கடை வாசலில் நிற்கிறாராம். எடைத் தராசுக்காரியும் வந்துவிட்டாளாம். குழந்தை இப்போது தராசில் உட்காராது, ஓடுகிறதாம், இருந்தாலும் சரிசெய்து வேண்டுமாம்.

“காபி குடிச்சுட்டுப் போங்க” என்றார் கமா மேடம்.

“இன்னொரு நாள் வர்றேன் மேடம். இன்னிக்கு அங்க திருவிழாக் கூட்டம்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “அன்னிக்குக் கடைக்கு நீங்களா வந்தீங்க பாருங்க. வரலைன்னா நான் குழுவுக்கு வந்திருக்க மாட்டேன். அதைச் சொல்லணும்னு நெனச்சேன்.”

கமா மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

கோச் பதினான்கு ஜெர்ஸிகளையும் உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினார். இந்த முறை தண்ணீர் நிரம்பியது, உருளை புரண்டது, நிற்கவில்லை. வெற்றி பெற்ற அணித்தலைவர்போல இரண்டு கையையும் உயர்த்திவிட்டு அவர் குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது கமா மேடம் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு எதுவும் இல்லை. கண்ணாடிக்குள் சிவப்பும் வெள்ளையுமாகத் துணிகள் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தன.

“என்ன யோசனை? அடுத்த சட்டமா?”

“ஒண்ணுமில்ல” என்றார் அவர். “சும்மா பாத்துட்டு இருக்கேன். நல்லா சுத்துது, இல்ல?”

கோச்சும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.